வைரஸ் போயிற்று, கணிப்பொறி ஏன் எழவில்லை?

வைரஸை நீக்கியபின் கணிப்பொறி இயங்க மறுப்பதுண்டு. சேமித்தவை எல்லாம் அழிந்துவிட்டன என்று நீங்கள் அஞ்சலாம். ஆனால் எப்போதும் அப்படியல்ல. 1990களில் டாஸ் கணிப்பொறிகளைத் தாக்கிய 'மங்கி' வைரஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கணிப்பொறி தொடங்கும்போது வன்வட்டின் முதல் செக்டாரைப் படித்தது. அதன் அளவு 512 பைட்டுகள். அவற்றில் 446 தொடக்க ஆணைகளுக்கு. 64, வட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்று கூறும் அட்டவணைக்கு. 2, முடிவைக் காட்டும் அடையாளத்திற்கு. மங்கி இந்த முழுச் செக்டாரையும் உருமாற்றி மூன்றாம் செக்டாரில் ஒளித்துவைத்து, முதலிடத்தில் தான் அமர்ந்துகொண்டது. அட்டவணை தேவைப்படும்போதெல்லாம் ஒளித்ததை எடுத்துக் கொடுத்தது. ஆகவே வைரஸ் இருந்தவரை வட்டு ஒழுங்காகவே இயங்கியது!

'எஃப்டிஸ்க்' கட்டளையால் வைரஸை அழித்தவர்கள் திகைத்தார்கள். அது தொடக்க ஆணைகளை மட்டுமே புதிதாக எழுதியது, அட்டவணையை மீட்கவில்லை. கோப்புகள் வட்டில் அப்படியே இருந்தன. அவற்றை அடையும் வழிதான் இல்லை. அவசரப்பட்டு வட்டை 'ஃபார்மட்' செய்திருந்தால் அதுவே பேரிழப்பு.

சரியான பரிகாரம் எளியது. மங்கி ஒவ்வொரு பைட்டையும் ஒரே எண்ணைக் கொண்டு மாற்றியிருந்தது. வைரஸ் இல்லாத பிளாப்பியால் கணிப்பொறியைத் தொடங்கி, மூன்றாம் செக்டாரை அதே எண்ணால் மீண்டும் மாற்றினால் பழைய வடிவம் கிடைத்தது. அதை முதல் செக்டாரில் எழுதியதும் வட்டு உயிர்பெற்றது.

இன்றைய கணிப்பொறிகளின் அமைப்பு வேறு, பாடம் ஒன்றே. கணிப்பொறி எழவில்லையா? வேறொரு வட்டால் தொடங்கி, முதலில் உங்கள் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பது அதற்குப் பிறகு.