நாட்டுக்கு நாடு வேறுபடும் சங்க உறுப்பினர் எண்ணிக்கை

ஓசூருக்குத் தெற்கே, கேழ்வரகும் ரோசாவும் விளையும் தேன்கனிக்கோட்டைப் பகுதியிலிருந்து ஆலைப் பணிக்குச் செல்வோர் பலர். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான 1970களுக்குப் பின், உழவர் குடும்பத்துப் பிள்ளைகள் தொழிலாளர்களாயினர். ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் எனப் பல நிலையினர் அருகருகே உழைக்கின்றனர். ஆயினும், இவர்கள் அனைவரும் தொழிற்சங்க உறுப்பினர்கள் அல்லர். சங்கத்தில் சேர்வது தனிமனித விருப்பத்தை மட்டும் பொறுத்ததா?

உலக நாடுகளை ஒப்பிட்டால் விடை புலப்படும். சங்க உறுப்பினராக இருப்போர் ஐஸ்லாந்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர், சுவீடனில் மூன்றில் இருவர், நார்வேயில் பாதிப்பேர், அமெரிக்காவில் பத்தில் ஒருவர். சுவீடனும் நார்வேயும் மொழியாலும் வாழ்க்கைமுறையாலும் நெருங்கிய அண்டை நாடுகள். எனினும், சுவீடனில் வேலையிழப்புக் காப்பீட்டு நிதியங்கள் சங்கங்களைச் சார்ந்து வளர்ந்தன. நார்வேயில் அப்பொறுப்பை அரசே ஏற்றது. வேலை போனால் கைகொடுக்கும் நிதி சங்கத்தின் வழியே கிடைக்கும்போது, தொழிலாளர் அதில் சேர்வது இயல்பே. 1901இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் தோன்றியதால் இது ‘கெண்ட் முறை’ எனப்படுகிறது.

அமெரிக்காவில் பெரும்பாலும் ஒவ்வொரு பணியிடத்திலும் பெரும்பான்மையோரின் ஆதரவைத் தனித்தனியே பெற்றாக வேண்டும். பிரான்சிலும் பத்தில் ஒருவரே உறுப்பினர். ஆனால், சங்கங்கள் செய்யும் ஊதிய ஒப்பந்தம் உறுப்பினரல்லாதவர்க்கும் பொருந்துவதால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதன் பயனைப் பெறுகின்றனர். எனவே, உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு சங்கத்தின் வலிமையை அளந்துவிட முடியாது.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தோன்றியது. பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் அதனை வழிநடத்தினர். ஆலை நிருவாகம் சங்கத்தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்தபோது, அவர்களைக் காக்கச் சட்டம் ஏதுமில்லை. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அப்பாதுகாப்பை அளித்தது; ஆனால், சங்கத்தை நிருவாகம் ஏற்றுப் பேசவேண்டும் எனக் கட்டாயப்படுத்தவில்லை.

இன்று ஒப்பந்தத் தொழிலாளரின் இடர் வேறானது. உழைப்பது ஆலையில், ஊதியம் தருபவர் ஒப்பந்தக்காரர். கோரிக்கையை யாரிடம் வைப்பது? ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடியுமோ என்னும் அச்சம் வேறு. தமிழ், தெலுங்கு, கன்னடம் வழங்கும் எல்லைப்பகுதியில் வடமாநிலத் தொழிலாளரும் வந்து சேர்ந்திருப்பதால், ஒன்றுகூடிப் பேசவும் முயற்சி தேவைப்படுகிறது.

சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு வழங்குகிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வழி நிரந்தரத் தொழிலாளருக்கு எளிதாகவும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அரிதாகவும் இருக்கிறது. ஆகவே, பணியில் சேரும் இளைஞர், தம்மைப் பணியமர்த்துபவர் ஆலையா ஒப்பந்தக்காரரா என்பதைப் பணி ஆணையில் முதலில் பார்த்தறிதல் வேண்டும்.