நெடுநாள் உழைக்கும் விளையாட்டுக் கணினிக்கு ஏற்ற செயலி

மனிதன் தன் வாழ்வின் பொருட்டு ஆக்கிக்கொண்ட கருவிகள் இருவகைப்படும். மண்வெட்டியும் ஓடமும் போல்வன, தேய்ந்து ஒழியுமளவும் பயன் தருவன. கணினி போல்வனவோ, தேயாது நிற்கும்போதே பயனற்றுப் போவன. இவ்வேறுபாட்டை உணராது பெரும்பொருள் செலவிட்டுப் பின் வருந்துவோர் நம்மிடையே பலர். பிள்ளைகள் பாடம் பயில்வதற்கும் ஓய்வில் விளையாடுதற்கும் ஒரே கணினியை வாங்கி, அதனை எட்டுப் பத்து ஆண்டு பேண எண்ணும் குடும்பம், அதன் செயலியை எவ்வாறு தேர்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். செயலி என்றது, கடைகளில் புரொசெசர் என வழங்குவதும் கணிப்பு அனைத்தையும் நடத்துவதுமாகிய சில்லினை.

கருவியின் தகுதி அது வாழும் இடத்தொடு சேர்த்தே அளக்கப்படுவது. ஆதலின் நுரைச்சோலையை நிலைக்களமாகக் கொள்வாம். கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபால் கடலும் மறுபால் புத்தளக் களப்பும் சூழ அமைந்த இவ்வூரிலே, மணற்பாங்கான நிலத்தில் மரக்கறி பயிரிடுவோரும் மீன்பிடிப்போரும் வாழ்கின்றனர். வெயிலும் உப்புக்காற்றும் நுண்மணலும் ஆண்டு முழுதும் உள்ளவை. 2011இல் முதற்பொறி இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று பொறிகளோடு 900 மெகாவாற்று ஆற்றலுடையதாய் நிறைவெய்திய லக்விஜய நிலக்கரி மின்னிலையமும் இங்கேயே உளது. எனினும் விளக்கின் அடியில் இருள் என்பது போல, நாடு இருளுங்கால் இவ்வூரும் இருளுகின்றது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடெங்கும் மின் தடைப்பட்டபோது இந்நிலையத்தின் மூன்று பொறிகளும் ஓய்ந்தன. அவை மீள இயங்கும் வரை சில நாள் மின்வெட்டுத் தொடர்ந்தது. வெப்பம், தூசு, நிலையில்லா மின் ஆகிய இம்மூன்றையும் தாங்கி வாழ்வதே இங்குள்ள கணினிக்கு விதிக்கப்பட்ட கடமையாம்.

இனி, விளையாட்டிலே செயலியின் பணி யாது எனக் காண்பாம். திரையிலே தோன்றும் காட்சியைத் தீட்டுவது வரைகலை அட்டை. எப்பொருள் எங்கே நகரும், எது எதனொடு மோதும், எதிராளி யாது செய்வான் என்பவற்றைக் கணித்து, தீட்டுக என அவ்வட்டைக்கு ஆணையிடுவது செயலி. நொடிக்கு 60 காட்சிகள் வேண்டுமெனின், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடியே. அதற்குள் வேண்டிய தரவு கைக்கெட்டாது நினைவகத்தினின்று வருமளவும் செயலி காத்திருப்பின் காட்சி தடுமாறும். ஆதலின் சில்லினுள்ளேயே அமைந்த பதுக்கு நினைவகம் பெரிதாக இருத்தல் விளையாட்டுக்குப் பெருந்துணையாகும். 2022 ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி என்னும் செயலி, ஒரு சில்லின்மேல் மற்றொன்றை அடுக்கி, 96 மெகாபைட்டு மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகத்தைப் பெற்று இவ்வுண்மையை நிறுவியது.

கருக்கள் எத்தனை வேண்டும் என்பது அடுத்த வினா. பெரும்பாலான பெருவிளையாட்டுகள் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகளையும் கருத்திற்கொண்டே ஆக்கப்படுகின்றன. 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேசன் 5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் எட்டுக் கருக்கள் உடையன. ஆதலின் நெடுநாள் வாழ்வை விழைவோர்க்கு எட்டுக் கருக்கள் தகுந்த அளவு. பதினாறு கருவுக்குக் கொடுக்கும் மிகைப்பொருள் விளையாட்டில் அதற்கீடான பயன் தாராது.

இதுவரை கூறியன வேகத்தைப் பற்றியன. ஆயுளைப் பற்றியதோ வேறொரு கணக்கு. அதனை 2017ஆம் ஆண்டு கற்பித்த பாடங்கொண்டு விளக்குவாம். அவ்வாண்டின் தொடக்கத்தில் இன்டெல் நிறுவனம் நான்கு கருக்களையுடைய ஐ7-7700கே என்னும் செயலியை வெளியிட்டது; மார்ச்சில் ஏ.எம்.டி. எட்டுக் கருக்களையுடைய ரைசன் 7 1700ஐ வெளியிட்டது. அன்றைய விளையாட்டுகளிலே முன்னையதே விரைவுடையது. அதனை வாங்கியோர் பிழை செய்தார் என எவரும் கூறியிரார். ஆயின் அதே ஆண்டு ஒக்டோபரில் இன்டெல் எட்டாந் தலைமுறையை வெளியிட்டபோது, அது பழைய தாய்ப்பலகையில் இயங்காதாயிற்று. இருக்கை, அதாவது செயலி அமரும் சொக்கெட், ஒத்த அளவினதாக இருந்தும் உடன்பாடு இல்லை. மற்றையவரது ஏ.எம்.4 இருக்கையோ பல தலைமுறைகளை ஏற்றது. தாய்ப்பலகையின் நிலைபொருளைப் புதுப்பித்த பின், 2017இல் வாங்கிய பலகைகள் பலவற்றில் 2022இல் வந்த 5800எக்ஸ்3டியையும் பொருத்த இயன்றது. பின்பு 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, அவ்விரு பழைய செயலிகளையும் தன் ஆதரவுப் பட்டியலிற் சேர்க்கவில்லை. விண்டோஸ் 10இன் பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. ஒருவர் செயலியை மட்டும் மாற்றிப் புதிய காலத்துட் புகுந்தார்; மற்றவர் பலகையையும் சேர்த்து மாற்ற வேண்டியவரானார். இருவர் செயலியும் கெட்டதன்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆகவே, செயலியை வாங்குவோர் அது அமரும் இருக்கையின் எதிர்காலத்தையும் உடன் வாங்குகின்றனர்.

மூன்றாவது வெப்பம். செயலி கொள்ளும் மின்வலு, அதன் துடிப்புவேகத்தொடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தொடு நேர்விகிதத்திலும் ஏறுவது. வேகத்தைப் 10 விழுக்காடு உயர்த்துதற்கு மின்னழுத்தமும் 10 விழுக்காடு உயர்த்தப்படின், வலு ஏறத்தாழ 33 விழுக்காடு உயரும். சிறுவிரைவுக்குப் பெருவெப்பம் விலையாகின்றது. ஐ9-14900கே போன்ற உச்சச் செயலி 253 வாற்று வரை கொள்ளுமாறு வகுக்கப்பட்டது. 65 வாற்று வகை ரைசனோ 88 வாற்று எல்லையுள் அடங்கும். விசிறி எத்துணை வலிதாயினும் செயலியை அறையினும் குளிர்விக்க இயலாது. 22 பாகை அறையில் 75 பாகையில் நிற்கும் செயலி, அதே வேலையை 32 பாகை அறையிற் செய்யுங்கால் 85 பாகையை அணுகும். நுரைச்சோலையின் நண்பகலில் இது கற்பனையன்று.

மிகை மின்னழுத்தம் சில்லினையே கெடுக்கும் என்பதற்கும் சான்றுண்டு. 2024இல் இன்டெல், தன் 13ஆம் 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலையழிந்தமைக்கு மிகையான மின்னழுத்தம் காரணம் என ஏற்று, நுண்நிரலைத் திருத்தியதோடு உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டியது. உச்சவேகத்தின் விளிம்பில் ஓடும் பொருள் நீடித்து உழைப்பதரிது என்பதே இதனாற் பெறப்படும் படிப்பினை.

எனில் யாது செய்யலாம்? எட்டுக் கருக்களும், இயன்றால் பெரிய பதுக்கு நினைவகமும், அடக்கமான மின்வலுவும் உடைய செயலியைத் தேர்க. அதன் இருக்கை இனியும் தலைமுறைகளை ஏற்குமா என வினவுக. ஏ.எம்.5 இருக்கையை 2027 வரையும் அதற்கப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. 2024இல் உரைத்துளது; வாக்குறுதி செயலாகாது எனினும், ஏ.எம்.4இன் வரலாறு அதற்கு ஒரு பிணையாகும். உச்சச் செயலியை விடுத்து மிஞ்சும் பணத்தைத் தரமான மின்வழங்கிக்கும் யு.பி.எஸ். கருவிக்கும் இடுக. மின் போவதினும் மீண்டு வரும் கணமே ஊறு மிக்கது. செயலி குறைந்த வலுக் கொள்ளின், அதே மின்கலம் கூடுதலான நேரம் தாங்கி, விளையாட்டைச் சேமித்துக் கணினியை முறையே நிறுத்த இடந்தரும். தாய்ப்பலகையின் அமைப்பில் வலு எல்லையைத் தாழ்த்திவைப்பதும் நன்று. வேகத்திற் சிறிதே குறையும், வெப்பத்திற் பெரிதும் குறையும். தூசினை மாதந்தோறும் அகற்றுக. கடற்காற்று நேரே வீசும் சாளரத்தருகே கணினியை வையற்க.

பின்னர் விலை ஏறுமாதலின் இன்றே உச்சமானதை வாங்கிவிடுதல் அறிவன்றோ என்பார் உளர். அவர் கூற்று முற்றும் பொய்யன்று. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியதை நாம் மறந்திலம். ஆயினும் அந்நாளில் பலகை, நினைவகம், செயலி மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தவர்க்கே அவ்வேற்றம் பெருஞ்சுமையாயிற்று. செயலி ஒன்றையே மாற்ற இயன்றவர்க்கு அச்சுமை சிறுத்தது. விலையேற்றத்துக்கு அஞ்சுவோர்க்கும் நீடித்த இருக்கையே அரணாகும்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பர் நம் முன்னோர். ஒரு போகத்து வெங்காயம் விற்ற பணத்தையோ, பல நாட் கடலுழைப்பின் ஊதியத்தையோ பெற்றோர் கணினியாக மாற்றித் தருங்கால், அப்பொருள் தம் பிள்ளையின் பள்ளிக்காலம் முழுதும் உழைத்தல் வேண்டும். இன்றைய பட்டியலில் முதலிடம் பெறும் செயலி அடுத்த ஆண்டே இரண்டாமிடம் எய்தும். வெயிலையும் மின்வெட்டையும் தாங்கி, காலம் மாறுங்காற் தானும் மாற இடந்தருவதே நெடுநாட் செயலி எனத் தெளிந்து, மாணவ உலகம் தேர்வதாக.