கல்லாவுக்கு முன்னால் – 9: எழுதாமல் விட்ட வரி

கையிலிருந்த காசையெல்லாம் கடை அட்வான்ஸில் போட்டுவிட்டு, முதல் கொள்முதலுக்கே வட்டிக்கு வாங்கப் போனவரைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், கடையே வேண்டாம் என்று அடுக்களையில் ஆரம்பித்த இருவர்.

விருதுநகர் பக்கம் ஒரு மதினியும் நாத்தனாரும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மதினி நகையை அடகு வைத்து 2 லட்சம் ரூபாய் போட்டார். நாத்தனாரிடம் காசு இல்லை, கைப்பக்குவம் இருந்தது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மல்லியைப் புடைத்து, வத்தலைக் காம்பு கிள்ளி, பருப்பு சிவக்கச் சிவக்க வறுத்து, மில்லில் வரிசையில் நின்று அரைத்து வருவது அவர் பாடு. சாம்பார்ப் பொடி. “நமக்குள்ள என்ன எழுத்து வேண்டிக் கிடக்கு?” என்று பத்திரம் எதுவும் போடவில்லை.

எட்டாவது மாதம் என்னிடம் வந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுவந்தார்கள். முதல் பக்கத்தில்: ஒரு கிலோ பொடிக்குச் சாமான் 260. விலை 400. லாபம் 140. அடியில் இரண்டு கோடு. எட்டு மாதமாக அந்த 140-ஐ நம்பித்தான் ஓடியிருக்கிறார்கள். காசு மட்டும் கையில் தங்கவில்லை.

மறுபடியும் உட்கார்ந்து போட்டோம். ஒரு கிலோ சாமானைப் புடைத்து, வறுத்து, மில்லில் ஒட்டிக்கொண்டதையும் கழித்தால் பொடியாகத் தேறுவது அவர்கள் கையில் 930 கிராம்தான். அப்படியானால் முழுக் கிலோவுக்குச் சாமான் செலவு 260 இல்லை, 280. அரவைக்கூலி 25, கேஸ் 10, கவரும் ஸ்டிக்கரும் 20. ஆக 335. கடைக்காரருக்கு விலையில் 15 சதவீதம், அதாவது 60 ரூபாய். மிச்சம் 5.

அந்த ஐந்து ரூபாய்க்குள்தான் அடகுக்கடை வட்டி இருக்கிறது. நாத்தனாரின் நாலு மணி இருக்கிறது. இரண்டுக்கும் நோட்டில் வரியே கிடையாது.

காகித வேலையில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து வாங்கிய 14 இலக்க எண் கவரில் இருந்தது. நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், முகவரி எல்லாம் இருந்தன. மாநிலத்துக்குள் சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. கவலையும் இல்லை. விட்டுப்போனது ஒன்றுதான்: இவர்கள் ஒருவருக்கொருவர் யார்?

சட்டம் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. கூட்டுக்குப் பத்திரம் கட்டாயமில்லை, வாய்ப்பேச்சே போதும். பேசாமல் விட்டதை 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தானாக நிரப்பிக்கொள்ளும். அதன் 13-ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. யார் எவ்வளவு போட்டார் என்ற பேச்சு இல்லை. உழைத்த கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. போட்ட முதலுக்கு வட்டியும் கிடையாது. இதைச் சொன்னதும் இருவருக்கும் முகம் மாறியது, வேறு வேறு காரணத்துக்காக. பதிவு செய்யாத கூட்டு, பாக்கி வைத்த கடைக்காரர்மேல் வழக்குப் போட முடியாது என்ற 69-ஆவது பிரிவையும் சொன்னேன். அதை அவர்கள் காதில் வாங்கினார்களா என்று தெரியவில்லை.

கிளம்பும் நேரத்தில்தான் நாத்தனார் அந்த விஷயத்தை எடுத்தார். ஒரு கடையிலிருந்து அரைக் கிலோ பாக்கெட் 40 திரும்பி வந்திருக்கிறது, தேதி முடிந்துபோய். ஸ்டிக்கர் தாள் கையில் இருக்கிறது. “மதினி, தேதிய மட்டும் மாத்தி ஒட்டிருவமா? பொடி நல்லாத்தான இருக்கு” என்று கேட்டதும் தான்தான் என்றார். மதினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டி, வேறு கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பொய் விவரம் ஒட்டிய உணவுக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் எனக்கு அந்த நோட்டின் முதல் பக்கம்தான் ஞாபகம் வந்தது. 40 பாக்கெட் என்றால் 20 கிலோ. கொட்டினால் 6,700 ரூபாய் போச்சு. கிலோவுக்கு 5 ரூபாய் மிஞ்சுகிற தொழிலில் அதை மீட்க 1,340 கிலோ விற்க வேண்டும். பேராசையில் தேதியை மாற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் பார்த்தவரை, விலையைத் தப்பாகப் போட்டுவிட்டு மூச்சு முட்டி மாற்றுகிறவர்களே அதிகம். எடையில் கை வைப்பதும் மட்டமான வத்தல் வாங்குவதும் இதே வழியில்தான்.

புது நோட்டுப் போட்டோம். மாதம் 100 கிலோ என்று வைத்துக்கொண்டு, நாத்தனார் சம்பளம் 8,000, வட்டி 2,000. இரண்டும் புதிதாக எழுதிய கூட்டுப் பத்திரத்திலும் ஏறின. கிலோவுக்கு 100 ரூபாய் கூடியது. கடைக் கழிவையும் கொஞ்சம் லாபத்தையும் சேர்த்து விலை 560 என்று வந்தது. வாங்கிக்கொண்டிருந்த மூன்று கடைகளில் ஒன்று வேண்டாம் என்றுவிட்டது.

தேதி மாற்றிய பாக்கெட்டுகளைத் திரும்ப எடுக்கப் போனார்கள். 11 தான் மிச்சம் இருந்தன. நாத்தனார் ஒவ்வொன்றாகக் கிழித்து, கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிக் கொட்டினார். விற்றுப்போன 29 பற்றி அவர்கள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

(தொடரும்)