பளபளப்பும் பராமரிப்பும்

புதிதாக ஒரு வாகனம் வாங்கினால் அதனை ஆலய முற்றத்துக்குக் கொண்டுசென்று, குருவானவரின் கையால் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொள்வது எமது கத்தோலிக்கக் குடும்பங்களின் நீண்டகால வழக்கம். முன்கண்ணாடியருகே ஜெபமாலை தொங்கும். சிலர் பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோப்பரின் சுருபத்தையும் வைத்துக்கொள்வர். அந்த ஆசீர் வேண்டப்படுவது அவ்வாகனத்தில் ஏறிச் செல்வோருக்காகவும் வீதியில் எதிர்ப்படுவோருக்காகவுமே. மந்திரித்த வாகனத்தை நாளாந்தம் பேணுவதோ எமது பொறுப்பு.

இப்பொறுப்பு இன்று முன்னரிலும் பெரிதாகியுள்ளது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விலையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. கையிலுள்ள வாகனமே இன்னும் பல்லாண்டுகள் உழைக்க வேண்டும். அது இயலாத காரியமன்று என்பதற்கு யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களே சாட்சி. 1950களைச் சேர்ந்த அவ்வாகனங்கள், யுத்த காலத்தில் பெற்றோல் அரிதானபோது சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் ஆயுளை நீட்டியவை உரிமையாளரின் பொறுமையும் கராஜ்காரரின் கைத்திறனுமே.

முதலில் வர்ணப்பூச்சைக் கவனிப்போம். அதனை அழகுக்கென்று மட்டும் எண்ணுகிறோம். உண்மையில் அது தகட்டைக் கறளிலிருந்து காக்கும் தோல். இக்கால வாகனங்களில் நிறத்தின் மேல் பூசப்பட்டுள்ள நிறமற்ற காப்புப் படையின் தடிப்பு ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் மாத்திரமே. உலர்ந்த தூசியைத் துணியால் அழுத்தித் துடைக்கும்போது அதிலுள்ள மணல் அப்படையைக் கீறிவிடுகின்றது. ஆகவே முதலில் கூரையிலிருந்து கீழ்நோக்கி நீர் ஊற்றித் தூசியை அகற்ற வேண்டும். பின்னர் வாகனத்துக்குரிய ஷாம்பு கலந்த ஒரு வாளியும், துணியை அலசுவதற்கு வெறும் நீருள்ள மற்றொரு வாளியும் கொண்டு நிழலில் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் பூசிய மெழுகையும் கரைத்துவிடும்.

யாழ். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கற் படையிலிருந்து ஊறுவது. அதனை வெயிலில் உலரவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படிந்து, நாளடைவில் அகற்ற இயலாதவையாகிவிடும். கழுவிய உடனேயே மென்மையான துணியால் ஈரத்தை ஒற்றியெடுப்பதே அதற்கு மருந்து. மரநிழலில் நிறுத்திய வாகனத்தில் பறவைகளின் எச்சம் விழுந்தால், கழுவும் நாள்வரை காத்திராமல் நனைத்து ஊறவைத்து அன்றே அகற்றுங்கள். அதிலுள்ள அமிலம் வெயிலின் சூட்டில் வர்ணத்தை அரித்துவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசுவது வெயிலுக்கும் மழைக்கும் நல்ல காப்பு.

நீர்கொழும்பு, மன்னார் போன்ற கரையோரங்களில் வாழ்வோருக்கு உப்புக்காற்றே பெரும் பகை. அது கண்ணுக்குப் புலப்படாத இடங்களில் வேலை செய்கின்றது. சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் அடித்தளத்தையும் நன்னீரால் கழுவ வேண்டும். கதவுகளின் கீழ் விளிம்பிலுள்ள சிறு துவாரங்கள் தூசியால் அடைபட்டால், உள்ளே தேங்கும் நீர் தகட்டை உள்ளிருந்தே உண்ணும். வெளியே குமிழி தோன்றும்போது உள்ளே பெருமளவு அழிந்திருக்கும். கல் பட்டு வர்ணம் உதிர்ந்த இடத்திலும் தாமதியாது அதே நிற வர்ணத்தைத் தொட்டுவிட வேண்டும்.

ஆயினும் அன்பர்களே, பளபளக்கும் வாகனமெல்லாம் பாதுகாப்பானது என்று கொள்ளலாகாது. கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் தூய்மையாக்குவோரை ஆண்டவர் கடிந்துகொண்டதை நாம் அறிவோம். மெழுகு பூசிய காரின் டயர் தேய்ந்திருந்தால், மழை நாளில் அதன் விலையைக் கொடுப்பவர் பாதசாரியாகவோ துவிச்சக்கரவண்டியில் செல்லும் மாணவராகவோ இருக்கலாம். 2007 ஜூனில் திருப்பீடம் வெளியிட்ட வீதி மேய்ப்புப்பணி வழிகாட்டி ஏட்டில் சாரதிகளுக்கென்று பத்துக் கட்டளைகள் கூறப்பட்டன. வாகனத்தை ஆதிக்கத்தின் அடையாளமாக்கலாகாது என்பதும், வீதியில் வலுக்குறைந்தோரைக் காக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும்.

இவ்வகையில் தவறவிடக்கூடாத சில காரியங்கள் உள்ளன. எஞ்சின் ஒயிலை, வாகனக் கைநூல் குறிப்பிடும் தூரத்திலோ காலத்திலோ, எது முந்துகிறதோ அதற்கேற்ப மாற்றுங்கள். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த திரவம் மலைநாட்டு நீண்ட இறக்கங்களில் சூடேறிக் கொதித்தால் பிறேக் மிதி வலுவிழந்துவிடும். ஆகவே பெரும்பாலான வாகனங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நன்று. டயரின் காற்றழுத்தத்தை, ஓடுவதற்கு முன் குளிர்ந்த நிலையில் பாருங்கள். டயரின் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் கூறும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் உற்பத்தியானது. சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். ஹைபிரிட் வாகனம் வைத்திருப்போர், பற்றரியைக் குளிர்விக்கும் காற்று வாயிலில் தூசி அடையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல வாகனங்களில் அது பின் ஆசனத்தருகே இருக்கும்.

மடு அன்னையின் ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்குக் குடும்பமாகப் புறப்படுவோர் பலர். வாகனத்தைக் கழுவி அலங்கரிப்பதில் காட்டும் ஆர்வத்தை, ஒரு வாரம் முன்னதாகவே பிறேக், டயர், விளக்குகள், வைப்பர் ஆகியவற்றைப் பரிசோதிப்பதிலும் காட்டுவோமாக. வீட்டுச் சுவரில் தொங்கும் பங்கு நாட்காட்டியில் திருநாள்களோடு அடுத்த சேர்விஸ் திகதியையும் குறித்துவையுங்கள். பிள்ளைகளும் அதனைக் காணட்டும். பிறருடைய உயிரை மதிப்பது இத்தகைய சிறு காரியங்களிலிருந்தே தொடங்குகின்றது என்பதை அவர்கள் எம்மிடமிருந்தே கற்றுக்கொள்வார்கள்.