மருந்தைப் பிடித்து வைக்கும் புளியங்கொட்டை

தென்காசிப் பக்கம் மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்குமுன் பழத்தை உடைத்து, நாரும் கொட்டையும் நீக்கி, காயவைத்துவிட வேண்டும். கொட்டையில் கொஞ்சம் பல்லாங்குழிக்கு, கொஞ்சம் வறுத்துத் தின்ன. மிச்சம் மூட்டையாக விலைக்குப் போகும். மருந்தியல் ஆய்வாளர்கள் தேடுவது அந்த மூட்டையைத்தான்.

தோல் நீக்கிய பருப்பில் பாதிக்கு மேல் சைலோகுளூக்கன் என்ற பாலிமர் இருக்கிறது. சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிதான் பாலிமர். இதில் குளுக்கோஸ் சங்கிலியிலிருந்து சைலோஸும் காலக்டோஸும் கிளைகளாகப் பிரிகின்றன. தண்ணீர் பட்டால் ஊறிக் கெட்டியான பசையாகிவிடும். நெசவாலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போட இந்த மாவு நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

சாதாரண மாத்திரை வயிற்றில் உடைந்ததும் மருந்து மொத்தமும் கரைந்துவிடும். இப்படி ஊறும் பாலிமர் கலந்து அழுத்திய மாத்திரை அப்படி உடையாது. அதன் மேற்பரப்பு ஊறிக் கூழ் உறையாகிறது; உள்ளே புகும் நீர் மருந்தைக் கரைக்க, மருந்து அந்த உறை வழியே மெல்லக் கசிகிறது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் அட்டையில் 'எஸ்.ஆர்.' என்றிருந்தால் இந்த வகைதான். அதில் பெரும்பாலும் செல்லுலோஸிலிருந்து செய்த பாலிமர் இருக்கும். விழுங்க முடியவில்லையென்று பெரியவர்களுக்கு இதை நசுக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும்.

புளியங்கொட்டையின் தனிச்சிறப்பு கண்ணில் தெரிகிறது. கண்ணில் விடும் சொட்டு மருந்தில் பெரும்பகுதி சில நிமிடங்களில் கண்ணீரோடு வடிந்துவிடும். 5 விழுக்காடுகூட உள்ளே போவதில்லை. கண்ணீர்ப் படலத்தில் மியூசின் என்ற வழவழப்பான பொருள் உண்டு. சைலோகுளூக்கனின் கிளையமைப்பு அதை ஒத்திருப்பதால் விழியின் மேல் ஒட்டித் தங்குகிறது. இத்தாலியில் உலர்கண்ணுக்கான சொட்டு மருந்தாகவே இது விற்பனைக்கு வந்தது. நொதி கொண்டு காலக்டோஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கினால் இன்னொரு குணம் வருகிறது: குளிரில் நீர்மமாக இருப்பது உடல் சூட்டில் கூழாக இறுகும். மருந்தை ஊற்றிய இடத்திலேயே நிறுத்த இது உதவும்.

இந்திய மருந்தியல் கல்லூரிகளில் சைலோகுளூக்கனைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் மாத்திரைத் தொழிற்சாலைக்குத் தேவை சீரான தரம். பருப்பில் புரதமும் எண்ணெயும் உண்டு, தோல் கலந்தால் டானினும் சேரும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஜப்பானியர் இதைச் சுத்திகரித்துப் பல பத்தாண்டுகளாக உணவில் சேர்க்கிறார்கள். இங்கேயும் தோல் நீக்கி, பாகுத்தன்மையும் ஈரமும் அளந்து, ஒவ்வொரு தொகுதிக்கும் சான்று தரும் கூடம் புளி விளைகிற ஊருக்குப் பக்கத்திலேயே அமைய வேண்டும் என்பது என் விருப்பம்.