சிறுமூளையும் சிந்தனையும்

மண்டையின் பின்புறத்தில், பிடரிக்குச் சற்று மேலே, பெருமூளையின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும் சிறுமூளைக்கு, சரீர சாஸ்திரம் கற்றவர்கள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்த உத்தியோகம் ஒன்றே ஒன்றுதான்: கைகால்கள் தடுமாறாமல் பார்த்துக்கொள்வது. பிரெஞ்சு விஞ்ஞானி ஃப்ளூரான்ஸ், சிறுமூளை நீக்கப்பட்ட புறாக்கள் கண்ணும் காதும் பழுதில்லாமல் இருந்தும் ஒழுங்காக நடக்கவும் பறக்கவும் மாட்டாமல் தள்ளாடியதைக் கண்டு 1824-ல் எழுதினார். முதல் உலக யுத்தத்தில் தலையின் பின்புறம் குண்டடிபட்ட சிப்பாய்களை நுணுகிப் பரிசோதித்த வைத்தியர் கார்டன் ஹோம்ஸும் அங்க அசைவுகளின் தடுமாற்றத்தையே விஸ்தாரமாக வர்ணித்தார். அவர்கள் கண்டது மெய்தான். ஆனால் கால் தள்ளாடினால் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. புத்தி தள்ளாடுவதோ, அதற்கென்று உட்கார்ந்து விசாரித்தாலொழிய வெளிப்படுவதில்லை.

அப்படி விசாரித்தவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஜெரமி ஷ்மாமன், ஜானட் ஷெர்மன் என்னும் இருவர். சிறுமூளையில் மட்டும் நோய் கண்ட 20 பேரைப் பரிசோதித்து அவர்கள் 1998-ல் வெளியிட்ட கட்டுரை, திட்டமிடுதல், இடத்தையும் உருவத்தையும் மனத்தில் வாங்குதல், சரளமாகப் பேசுதல் ஆகிய சக்திகள் குன்றுவதையும், சிலருடைய சுபாவமே மாறி, உணர்ச்சி வற்றியவர்களாகவோ அல்லது சபை மரியாதை மறந்து நடப்பவர்களாகவோ ஆகிவிடுவதையும் எடுத்துக் காட்டியது. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கப் பின்னர் வகுக்கப்பட்ட சோதனை ஒன்றில், நோயாளி ஒரு காய்கறியின் பெயரையும் ஒரு தொழிலின் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கத்தரிக்காய், தச்சர், வெண்டைக்காய், வைத்தியர் என்று நாம் அநாயாசமாக அடுக்கிவிடுவோம். சிறுமூளை பழுதுபட்டவருக்கோ, ஒரு வரிசையை விட்டு மற்றொன்றுக்குத் தாவி மறுபடியும் திரும்புவதே பெரும் பிரயாசையாகிவிடக்கூடும்.

இதில் ஆச்சரியப்பட அவ்வளவு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்கே உள்ள இந்த உறுப்பில், மொத்தமுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி அடங்கியிருப்பதாக 2009-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றியும், பெருமூளையின் சிந்தனைப் பகுதிகளிலிருந்து கிளம்பும் நரம்புப் பாதைகள் சிறுமூளைக்கு வந்து, புறப்பட்ட இடத்துக்கே சுற்றித் திரும்புகின்றன. சிறுமூளையின் நரம்பணு அமைப்போ எங்கு பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஆகவே, அடுத்து நிகழப் போவதை முன்கூட்டியே அநுமானித்து, நிகழ்ந்ததோடு அதை ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் அதே காரியத்தை, படியில் இறங்கும் காலுக்குச் செய்வதைப் போலவே, எதிரில் இருப்பவர் முகக்குறிப்பை அறிந்து பேச்சைத் திருப்பும் மனத்துக்கும் அது செய்கிறது என்பது இக்காலத்து ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

குழந்தைகள் விஷயத்தில்தான் இது அதிகக் கவனத்துக்குரியதாகிறது. சிறு வயதிலேயே வெளிப்படும் ஆட்டிசம் உள்ள ஒருவரின் மூளையை மரணத்துக்குப் பின் ஆராய்ந்த பாமன், கெம்பர் என்பவர்கள், சிறுமூளையிலுள்ள பர்க்கிஞ்சி அணுக்கள் என்னும் நரம்பணுக்கள் குறைந்திருந்ததை 1985-லேயே கண்டார்கள். 2012-ல் எலிகளின் பர்க்கிஞ்சி அணுக்களில் மட்டும் ஒரு ஜீனைச் செயலிழக்கச் செய்தபோது, அவை மற்ற எலிகளோடு பழகுவதில் நாட்டம் குறைந்து, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தன. ஆயினும் ஆட்டிசம் என்பது சிறுமூளை வியாதி என்று முடிவுகட்டுவது அவசரம். அதன் காரணங்கள் பல, மனிதன் எலியும் அல்லன்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் சிறுமூளை மிக வேகமாக வளர்கிறது. குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கு அந்த வளர்ச்சி கருப்பைக்கு வெளியே நடந்தாக வேண்டும். அந்தச் சமயத்தில் சிறுமூளையில் ரத்தக்கசிவு நேர்ந்த குழந்தைகளிடம், நடை மட்டுமின்றிப் பேச்சும் பிறரோடு பழகும் பாங்கும் பின்தங்கியிருந்ததை 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது. ஆகையால் இத்தகைய குழந்தை பின்னாளில் பரிசோதனைக்கு வரும்போது, எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்று கேட்பதோடு வைத்தியரின் விசாரணை முடிந்துவிடலாகாது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, தாய் விரல் நீட்டிக் காட்டும் பொருளைப் பார்க்கிறதா என்பதையும் அவர் கேட்டறிய வேண்டியிருக்கிறது.