புகையைக் குறித்து இளையோர் எண்ணுவது என்ன?

பள்ளிப் பிராயத்திலேயே

புகையிலைப் பழக்கத்தை முதிர்ந்தோரின் விவகாரமாகக் கருதி அசட்டையாக இருப்போர் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது, உலக சுகாதார ஸ்தாபனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து 1999இல் தொடங்கிப் பல தேசங்களில் நடத்திய இளையோர் புகையிலை ஆய்வாகும். 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரைப் பள்ளியிலேயே வினவும் இவ்வாய்வு, 2019இல் இந்தியாவில் நான்காம் முறையாக நடந்தபோது, நூற்றுக்கு 8.5 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையை உபயோகித்து வந்தனர் என்பதும், சிகரெட்டைத் தொட்டவர்களில் 38 சதவீதத்தினரும் பீடியைத் தொட்டவர்களில் 47 சதவீதத்தினரும் பத்து வயது நிறையும் முன்னரே அதைச் செய்துவிட்டனர் என்பதும் தெரியவந்தன. பிள்ளைகளைப் பெற்ற எவரும் இந்த எண்களைப் படித்துவிட்டு நிம்மதியாக இருத்தல் இயலாது.

உறுதியின் அளவு

"புகைப்பது தீங்கா?" என்று கேட்டால் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் "ஆம்" என்றே விடை எழுதுவார்கள், அதனால் நாம் புதிதாக அறிவது சொற்பம். இவ்வாய்வில் உள்ளத்தைக் காட்டும் வினா வேறு: உற்ற நண்பன் ஒருவன் புகையிலைப் பொருளை நீட்டினால் உபயோகிப்பாயா என்பது. அதற்குரிய விடைகள் நான்கு: நிச்சயமாக மாட்டேன், பெரும்பாலும் மாட்டேன், பெரும்பாலும் உபயோகிப்பேன், நிச்சயமாக உபயோகிப்பேன். அமெரிக்கச் சிறுவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஜான் பியர்ஸும் அவருடைய சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அதுவரை புகைத்திராதவரிலும் இத்தகைய வினாக்களுக்கு "நிச்சயமாக மாட்டேன்" என்று உறுதி கூறாதவரே பின்னாளில் அப்பழக்கத்திற்கு எளிதில் இலக்காவர் என்பதை நிரூபித்தது.

ஆகவே, இளையோர் புகையிலை ஆய்வின் வினாத்தாளைப் பிற மொழியில் ஆக்குவோர், "நிச்சயமாக", "பெரும்பாலும்" என்னும் இரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் சுருங்காதபடி காத்தல் வேண்டும். பெயர்த்த வினாக்களை, மூலத்தைக் காணாத வேறொருவர் மறுபடியும் மூலமொழிக்கு மாற்ற, இரண்டையும் ஒப்பிடுவது வழக்கமான முறை. அது அவசியமே எனினும் போதாது என்பது என் அபிப்பிராயம். சில மாணவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு வினாவிற்கும் அவர்கள் கொண்ட பொருளை வாய்மொழியாகவே சொல்லக் கேட்பதுதான் உண்மையான சோதனை.

பரீட்சை அன்று

ஆய்வின் தாளும் எழுதுகோலும் கையில் வந்தவுடன், அதைப் பரீட்சையென்று எண்ணி, ஆசிரியர் விரும்பும் விடை யாதென்று தேடுவது நம் பிள்ளைகளின் சுபாவம். பெயர் எழுத வேண்டியதில்லை, மதிப்பெண்ணும் கிடையாது என்று முன்னரே தெளிவாகச் சொல்லி, வகுப்பாசிரியர் சற்று விலகி நின்றாலன்றி, எழுதப்படுவது பாடமாகவே இருக்கும், மனம் வெளிவராது.

அறிந்தும் அஞ்சாமை

பால் ஸ்லோவிக் என்னும் உளவியல் அறிஞர் புகைக்கும் இளைஞரின் எண்ணங்களை ஆராய்ந்து கண்டது இங்கே கவனிக்கத்தக்கது: நெடுங்காலம் புகைப்போருக்கு ஆபத்து உண்டென்பதை அவர்கள் அறிவார்கள், ஆயினும் தொடக்கத்தில் குடிக்கும் சில சிகரெட்டுகளால் ஒன்றும் நேராதென்றும், வேண்டும்போது விட்டுவிடலாம் என்றும் நம்புகிறார்கள். வளர்ச்சி முற்றுப்பெறாத இளம் மூளையை நிகோடின் விரைவில் வசப்படுத்துவதால், அந்த நம்பிக்கையே அவர்களைப் பிணிக்கும் கண்ணியாகிறது. நுரையீரல் புற்றுநோயின் படத்தைக் காட்டுவதோடு நில்லாமல், விடுவது எத்துணைக் கடினம் என்பதைப் பள்ளியில் எடுத்துரைக்க வேண்டும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட பிள்ளையைத் தண்டிப்பதால் பிரயோஜனம் இல்லை; புகையிலைப் பொட்டலங்களின்மீதே அச்சிடப்பட்டுள்ள 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில், அப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு ஆலோசனை கிடைக்கிறது.